இறக்கி வைத்த சுமை ஏன் மறுபடியும் தலையில் ஏறுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 52. பக்கவாதத்தில் விழுந்த என் தாயாரை மூன்று ஆண்டுகளாக என் வீட்டில் வைத்துப் பார்த்துவருகிறேன். அவர்களுக்கு எல்லாம் படுக்கையிலேயேதான். தம்பிமார் இருவரும் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் செய்து, “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்பார்கள், அதோடு சரி. என் கணவருக்கு நிரந்தர வேலை இல்லை. இருந்த நகையெல்லாம் அடகில் இருக்கிறது. சென்ற மாதம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் மனம் தாங்காமல் இதையெல்லாம் சொல்லி அழுதுவிட்டேன். கூட்டம் முடிந்ததும் மூத்த சகோதரி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கக் கூடாது; எடுத்தால் அது விசுவாசக் குறைவு” என்றார். நான் ஒவ்வோர் இரவும் முழங்காலில் நின்று அதை வைக்கத்தான் செய்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அம்மா கூப்பிடும் சத்தம் கேட்டதும் அது மறுபடியும் என் தலையில் இருக்கிறது. என் ஜெபத்தில் என்ன தவறு?
— ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் ஜெபத்தில் தவறு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால், மூன்று ஆண்டுகளாக ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, இரவில் எழுந்து பார்க்கும் ஒருவருக்கு, அந்த வேலையின் பளுவோடு விசுவாசக் குறைவு என்ற குற்றச்சாட்டையும் தூக்கி வைத்தது சரியான ஆலோசனை ஆகாது. அந்தச் சகோதரி உங்கள்மேல் அன்பில்லாமல் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் மனத்தில் வைத்துப் பேசிய வசனம் எந்தச் சங்கீதத்தில் வருகிறது என்பதைத் திறந்து பார்த்திருந்தால், வேறு விதமாகப் பேசியிருப்பார் என்று நம்புகிறேன்.

“கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்” என்பது 55ஆம் சங்கீதத்தின் 22ஆம் வசனம். நம் வீடுகளில் நாட்காட்டியிலும் சுவரிலும் இந்த ஒரு வசனம் மட்டும் தனியாகத் தொங்குகிறது. அதற்கு முன்னுள்ள 21 வசனங்களை நாம் அவ்வளவாக வாசிப்பதில்லை. அந்தச் சங்கீதத்தைப் பாடியவர் அமைதியாக இருந்து பாடவில்லை. தமக்குப் புறாவைப்போல் சிறகுகள் இருந்தால் எங்காவது பறந்துபோய்விடலாமே என்று ஏங்குகிறார். தம்மை நிந்தித்தவன் பகைவனாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன், கூடவே இருந்த தோழன் அல்லவா இதைச் செய்தான் என்று குமுறுகிறார். அந்தக் குமுறலுக்கு நடுவில், 17ஆம் வசனத்தில், “அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்” என்கிறார். பாரத்தை வைத்துவிடு என்று பிறருக்குச் சொல்லும் அதே மனிதர்தான் சாயங்காலம் ஒரு முறை, காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை போய் முறையிடுகிறார். ஒரே தடவையில் வைத்து முடிந்துவிடும் காரியமாக இருந்திருந்தால், மத்தியானம் அவருக்கு அங்கே என்ன வேலை?

வைத்துவிடு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ச் சுமைதாங்கிதான் நினைவுக்கு வரும். நான் பிறந்தது தேரிக்காட்டின் ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூர். என் தாயார் கருப்பட்டியைக் கடகத்தில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடப்பார்கள். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் பின்னாலேயே போவேன். பாதி வழியில், ஒரு வேப்பமரத்தடியில், இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருந்தார்கள். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் வைத்த கல் அது என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சுமைதாங்கிகள் அப்படித்தான் எழுந்தன. தன் சுமையை இறக்காமலே போன ஒருத்தியின் பெயரால், வழியில் போகிறவர்கள் எல்லாரும் இறக்கி வைத்துக்கொள்ளட்டும் என்று ஓர் இடம்.

அம்மா அந்தக் கல்லோடு ஒட்டி நின்று, கழுத்தை மெதுவாகச் சாய்த்து, கடகத்தை அதன்மேல் நகர்த்துவார்கள். அந்தப் பலகைக்கல் ஆள் தோளின் உயரத்தில் இருக்கும். இறக்குவதற்கும் இன்னொருவர் வேண்டாம், ஏற்றுவதற்கும் வேண்டாம். பிறகு தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, உதறிப் பிரித்து, அந்தத் துணியாலேயே முகத்தையும் கழுத்தையும் துடைப்பார்கள். கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். காற்று வரும் பக்கமாகத் திரும்பி நிற்பார்கள். பிறகு அதே துணியை மறுபடியும் முறுக்கிச் சுற்றிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து, முழங்காலை மடக்கி, கடகத்தின் கீழே தலையைக் கொடுத்து நிமிர்வார்கள். சந்தை இன்னும் தூரத்தில் இருந்தது, சுமையும் குறையவில்லை. ஆனால் அந்தக் கல் இல்லாவிட்டால் அவர்களால் சந்தைவரை போயிருக்க முடியாது. இறக்கி வைத்ததைத் திரும்ப எடுத்தீர்களே என்று அவர்களை யாரும் குற்றம் சொன்னதில்லை.

உங்கள் தாயார் இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் நீங்கள் எழுந்துதான் ஆகவேண்டும். அது அவிசுவாசம் அல்ல, அதுதான் அன்பு. கர்த்தர்மேல் வைப்பது என்றால் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வது என்று பொருள் இல்லை. நாளை என்ன ஆகும், நகை எப்போது மீளும், நான் விழுந்துவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பளுவை, இரவு இரண்டு மணிக்கும் சரி, பகல் இரண்டு மணிக்கும் சரி, எத்தனை தடவை ஏறுகிறதோ அத்தனை தடவையும் அவர்முன் இறக்கலாம். பேதுரு தம் முதலாம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில், “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்று எழுதுகிறார். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் ‘மேலே தூக்கிப் போடுதல்’ என்று பொருள்படுவது. புதிய ஏற்பாட்டில் அது வரும் மற்றோர் இடம், சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டதாக லூக்கா சொல்லும் இடம். பக்குவமாக, அழகாக, கண்ணீரில்லாமல் வைக்க வேண்டும் என்று அந்தச் சொல் கேட்கவில்லை. கையிலுள்ளதை அப்படியே போட்டுவிடலாம்.

நம் மொழிபெயர்ப்பில் உள்ள ‘விசாரிக்கிறவர்’ என்ற சொல்லையும் சற்று நின்று கேளுங்கள். நம் பக்கத்தில் விசாரம் என்றாலே கவலைதான். நோயாளியைப் பார்த்து நலம் கேட்பதும் விசாரிப்பது. சாவு வீட்டுக்குப் போய் அருகில் உட்காருவது துக்கம் விசாரிப்பது. புகார் கொடுத்தால் நடப்பது விசாரணை. இத்தனை பொருளும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. “என்னை வந்து விசாரிக்க ஒரு நாதி இல்லை” என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது அதிலுள்ள வலி என்னவோ, அந்த வலிக்கு நேரான சொல்லாகவே நான் அதை வாசிக்கிறேன்.

தம்பிமாரைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரு வரிதான். ஆனால் கடிதத்தின் பாரமான வரி அதுவே என்று எனக்குப் படுகிறது. கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில், “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்று இரண்டாம் வசனமும், அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்று ஐந்தாம் வசனமும் சொல்கின்றன. முரண்போலத் தோன்றும், மூலத்தில் இரண்டும் வேறுவேறு சொற்கள். இரண்டாம் வசனத்தில் வருவது ‘பாரோஸ்’, ஆளை அழுத்திவிடும் பளு. ஐந்தாம் வசனத்தில் வருவது ‘போர்த்தியோன்’, ஒவ்வொருவரும் தாமே எடுத்துச் செல்லும் மூட்டை. தாயைப் பார்ப்பதில் உங்கள் பங்கு உங்கள் மூட்டை. ஆனால் மூன்று பேருடைய பங்கையும் ஒருவர் தலையில் ஏற்றினால் அது ஆளை அழுத்தும் பளுவாகிவிடுகிறது. அதைப் பகிர்ந்துகொள்ளும்படி கேட்பது பாவமும் அல்ல, சகோதரப் பாசத்துக்கு விரோதமும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது, “நல்லா இருக்காங்க” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். மாதம் மருந்துக்கும் அணையாடைக்கும் எவ்வளவு ஆகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மூவரில் யார் எவ்வளவு தருவது, ஆண்டில் எத்தனை வாரம் யார் வந்து அம்மாவோடு இருப்பது என்று கேளுங்கள். பேச்சு பயன்படவில்லை என்றால் சேகர குருவானவரை நடுவில் வைத்துப் பேசுங்கள். அதற்கும் மேலே போகவேண்டி வந்தால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இருக்கிறது. உங்கள் தாயாரோ, அவர் சார்பில் அவர் அனுமதித்த ஒருவரோ கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அந்த அளவுக்குப் போகாமலே உங்கள் தம்பிமார் உணர்ந்துகொள்ளட்டும் என்றுதான் ஜெபிக்கிறேன்.

இன்னொன்றையும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்தீர்களா? செய்யவில்லையென்றால் இந்த வாரமே போய்ச் செய்யுங்கள். உங்களுக்கு உதவ வரும் கைகளைக் கர்த்தர் இப்படியும் அனுப்பலாம் என்பதை அடுத்த பதிலில் இன்னும் விளக்கமாகச் சொல்கிறேன்.


கேள்வி: மனக்குறையைத் தேவனிடம் கொட்டலாம், “ஏன்” என்று கேட்கலாம் என்று இக்காலத்தில் பலர் போதிக்கிறார்கள். ஆனால் பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமல் செய்யச் சொல்கிறார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் முறுமுறுத்து அழிந்ததை கொரிந்தியருக்கு எச்சரிக்கையாக எழுதுகிறார். குயவனைப் பார்த்து மண் கேள்வி கேட்கலாமா? இது பயபக்தியைக் குறைத்துவிடாதா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது, தேவனோடு சமவயதுக்காரனைப்போல் பேசும் வழக்கம் எனக்கும் உவப்பானதல்ல. ஆனால் முறுமுறுப்பும் முறையீடும் ஒன்றல்ல என்பதை எண்ணாகமம் 11ஆம் அதிகாரம் ஒரே நாளில், ஒரே பாளையத்தில், அருகருகே வைத்துக் காட்டுகிறது.

இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் தேவன் தந்த மன்னா என்ற உணவின்மேல் வெறுப்படைந்து, எகிப்தில் சாப்பிட்ட மீனையும் வெள்ளரிக்காயையும் கொம்மட்டிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து, தங்கள் தங்கள் கூடாரவாசலில் நின்று அழுகிறார்கள். அந்த அழுகையைக் கேட்ட மோசேயும் மனம் கசந்துபோகிறார். ஆனால் அவர் போய் நிற்கும் இடம் வேறு. நேரே கர்த்தரிடத்தில் போகிறார். அங்கே அவர் பேசுவது ஜனங்கள் பேசியதைவிடக் கடுமையானது. இந்த ஜனங்களையெல்லாம் கர்ப்பந்தரித்தது நானா, பெற்றது நானா என்கிறார். இவர்களுக்கெல்லாம் கொடுக்க இறைச்சிக்கு எங்கே போவேன் என்கிறார். “இந்த ஜனங்களெல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக்கூடாது, எனக்கு இது மிஞ்சின பாரமாயிருக்கிறது” என்கிறார். கடைசியில், இப்படித்தான் நடத்துவீர் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்றே சொல்லிவிடுகிறார்.

இப்பொழுது இரண்டு பேச்சுக்கும் கிடைத்த பதிலைப் பாருங்கள், ஐயா. ஜனங்கள்மேல் வந்தது தேவனுடைய கோபம். மோசேக்கு வந்தது 70 மூப்பர்கள். ‘துணிந்து பேசினாய்’ என்று ஒரு வார்த்தைகூடக் கண்டிப்பு இல்லை. நீ ஒருவனாய் அதைச் சுமக்காதபடிக்கு இவர்களும் உன்னோடு சுமப்பார்கள் என்ற ஏற்பாடுதான் இருக்கிறது. வார்த்தையின் கடுமை இங்கே அளவுகோல் ஆகவில்லை. பேசும்போது முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதே பார்க்கப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஜனங்கள் தேவனுக்கு முதுகைக் காட்டி, எகிப்தைப் பார்த்து, ஒருவரிடம் ஒருவர் அவரைப் பற்றிப் பேசினார்கள். மோசே அவருடைய முகத்தைப் பார்த்து அவரிடமே பேசினார். வீட்டில்கூட, நம்மைப் பற்றி ஊரெல்லாம் குறை சொல்லித் திரியும் பிள்ளையையும், “அப்பா, இது என்னால முடியலை” என்று நம்மிடமே வந்து அழும் பிள்ளையையும் நாம் ஒன்றாக எண்ணுவதில்லையே.

இந்த அதிகாரத்தில் என்னை அதிகம் தொடுவது அந்த 70 பேர்தான். மோசேயின் பாரத்தைத் தேவன் ஒரு அற்புதத்தால் காற்றில் கரைத்துவிடவில்லை. ஜனங்கள் அதே ஜனங்கள்தான், வனாந்தரமும் அதே வனாந்தரம்தான். தோள்கள்தாம் கூடின. இதற்கு முன்பே, யாத்திராகமம் 18இல், மாமனாராகிய எத்திரோ மருமகன் காலைமுதல் சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளை விசாரிப்பதைப் பார்த்துவிட்டு, நீர் ஒருவராய் இதைச் செய்ய உம்மாலே கூடாது என்று சொல்லியிருந்தார். முறையீட்டுக்குப் பதில் வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்று நாம் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது வாசற்படியில் ஒரு மனித உருவில் வந்து நிற்பது பல வேளைகளில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் கேள்வியைக் கேட்ட சகோதரிக்கு இயன்முறைச் சிகிச்சையாளரையும் கோட்டாட்சியரையும் பற்றி நான் எழுதியது ஜெபத்தின் இடத்தில் வைப்பதற்காக அல்ல. அந்த 70 பேரில் ஒருவர் எங்கிருந்து வருவார் என்று நமக்குத் தெரியாது.

குயவனும் மண்ணும் பற்றிக் கேட்டீர்கள். அந்த வசனம் இருக்கும் அதே வேதத்தில்தான் புலம்பல் என்றே பெயரிட்ட ஒரு புத்தகமும் இருக்கிறது. ஐந்து அதிகாரங்கள், அவற்றில் முதல் நான்கும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் வரிசையாக எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அழுதவை. வெறும் ஆத்திரத்தில் கொட்டியதாக அது இல்லை. எழுத்தெண்ணி, சொல் தேர்ந்து, ஆராதனையில் சபையாக நின்று சொல்வதற்கென்று அமைத்த அழுகையாக இருக்கிறது. சங்கீதங்கள் 150இலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகளே. 13ஆம் சங்கீதம், “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம், மற்றவற்றைப்போல் கடைசியில் துதியாகக்கூடத் திரும்புவதில்லை, இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. வாழ்க்கையில் சில இரவுகள் துதியில் முடிவதில்லை என்று அறிந்தவர்கள்தாம் அதை அங்கே விட்டுவைத்தார்கள். சிலுவையில் நம் ஆண்டவர் வாயிலிருந்து வந்ததும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியான கேள்விதான்: “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” ‘ஏன்’ என்ற அந்தச் சொல்லை அவரே எடுத்துக்கொண்டபின், அதைச் சொல்லும் ஒரு விதவையையோ கடனாளியையோ பயபக்தியற்றவர் என்று சொல்ல என் நாவு எழவில்லை.

யோபுவின் புத்தகத்தின் முடிவையும் சேர்த்துப் பாருங்கள். பெருந்துன்பத்தில் விழுந்த யோபுவிடம் தேவனுக்காக வாதாடிய நண்பர்கள் மூவரும் ஏறக்குறைய எல்லாவற்றையும் பக்தியோடுதான் பேசினார்கள். யோபுதான் கடுஞ்சொல் பேசினவர். ஆனால் 42ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கோபம்கொள்வது அந்த நண்பர்கள்மேல். என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்கிறார். அவர்கள் அவரைப் பற்றிப் பேசினார்கள், யோபு அவரோடு பேசினார். ஆறுதல் சொல்லப் போகும் நாம் எல்லாரும் அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போவது நல்லது. நானும் பலமுறை அந்த நண்பர்களைப்போல் பேசியிருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன்.

இந்த மண்ணின் பக்திக்கும் இது புதிதல்ல. பார்வையிழந்த சுந்தரர் திருவாரூரில் நின்று பாடிய பதிகம் முழுவதும் தம் இறைவனிடம் கொண்ட பிணக்குதான். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் தங்கள் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். தெய்வத்திடம் முறையிடுவது தெய்வ நிந்தனை என்று தமிழ் நெஞ்சம் ஒருபோதும் எண்ணியதில்லை. நம்மிடையே மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டுதான் தேவசமுகத்துக்கு வர வேண்டும் என்ற பழக்கம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.


கேள்வி: எனக்கு வயது 27. வேலை போய் ஐந்து மாதமாகிறது. உறக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழ வேண்டுமா என்ற எண்ணமும் சில நாட்களில் வருகிறது. அரசு மருத்துவமனையில் காட்டினேன். மன அழுத்த நோய் என்று மாத்திரை தந்திருக்கிறார்கள். “பாரத்தைக் கர்த்தரிடம் கொடுத்தவனுக்கு மாத்திரை எதற்கு” என்று ஜெபக்குழுவில் கேட்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?
— ஓர் இளைஞர், சென்னை

பதில்: நிறுத்தாதீர்கள், தம்பி. மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று விடுவது உடலுக்கும் மனத்துக்கும் கெடுதல் செய்யும். வாழ வேண்டுமா என்ற எண்ணம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்; அதை மருத்துவரிடம் அப்படியே, மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒருவரிடமும் இன்றே சொல்லுங்கள். இரவில் அந்த எண்ணம் வந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். ‘டெலி மானஸ்’ என்ற அந்த அரசு உதவி எண் எந்த நேரமும் இயங்குவது, கட்டணம் இல்லாதது, தமிழிலேயே பேசலாம்.

எலியாவும் உங்களைப்போல் ஒரு நாள் உட்கார்ந்திருந்தார். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்டு அதிக நாள் ஆகவில்லை. வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசிக்கு அப்போது தேவன் பிரசங்கம் செய்யவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவுமில்லை. அவரைத் தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் தட்டி எழுப்பி, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்று சொல்லிச் சாப்பிட வைத்தார். தேவனுடைய மெல்லிய சத்தமும் பேச்சும் எல்லாம் அதற்குப் பின்னால், 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். தூக்கமும் ஆகாரமும் முதலில் வந்தன. உங்களுக்கு இப்போது தூக்கத்தைத் தருவது அந்த மாத்திரை என்றால், அந்த அடையை வாங்கிச் சாப்பிடுவதுபோல் அதை நன்றியோடு வாங்கிச் சாப்பிடுங்கள். ஜெபக்குழு நண்பர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உங்களோடு மருத்துவமனைக்குத் துணைக்கு வரும்படியும் கேளுங்கள்.


கேள்வி: பாரம் அதிகமாகும்போது எனக்கு ஜெபிக்க வார்த்தையே வருவதில்லை. உட்கார்ந்தால் வெறுமையாக இருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: யூதாவின் ராஜாவாகிய எசேக்கியா செய்ததைச் செய்யுங்கள், சகோதரி. கி.மு. 701இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதாவுக்குள் படையோடு வந்தான். அரணான 46 பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்தேன் என்று அவன் செதுக்கிவைத்த பெருமைப்பேச்சு லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் களிமண் பட்டகத்தில் இன்றும் இருக்கிறது. அவனிடமிருந்து மிரட்டல் நிருபம் வந்தபோது எசேக்கியா அதை வாங்கி வாசித்தார்; பிறகு ஆலயத்துக்குப் போய், அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தார் என்று 2 இராஜாக்கள் 19 சொல்கிறது. அவர் முதலில் செய்தது அதுதான், ஜெப வார்த்தைகள் அதற்குப் பிறகே வந்தன. அந்தத் தாளில் உள்ளதைத் தம் சொந்த வார்த்தையில் சுருக்கிச் சொல்லவேண்டிய வேலைகூட அவருக்கு இல்லாமல் போயிற்று.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் மனைவியின் பரிசோதனை அறிக்கை வந்த நாளில் எனக்கும் வார்த்தை வரவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பிறருக்காக ஜெபித்தவன், அன்று வாயைத் திறந்தால் வெறும் மூச்சுதான் வந்தது. இந்த அதிகாரம் நினைவுக்கு வந்ததால், சாப்பாட்டு மேசையைத் துடைத்து, உறையிலிருந்து அறிக்கையை எடுத்து, மடிப்புகளைக் கையால் நீவி, விளக்கின் கீழே விரித்து வைத்தேன். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒரு முனையில் தண்ணீர்ச் செம்பை வைத்தேன். அவளும் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தோம், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போய்ப் படுத்தோம், அவள் உறங்கினாள். காலையில் செம்பின் ஈரம் ஒரு வட்டமாக அந்தத் தாளில் படிந்திருந்தது. அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முதல் பேருந்தில் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம்.